பழைய புல்லட்டை வீட்டில் மீட்பது: எதை மாற்றுவது, எதை விட்டுவைப்பது

பல ஆண்டுகளாக ஓடாமல் கொட்டகையிலோ மாடிப்படிக்குக் கீழோ கிடக்கும் ஒரு புல்லட்டை வீட்டிலேயே சரிசெய்து ஓட்ட விரும்புவோருக்கு இன்று தமிழ்நாட்டில் வழிவகைகளுக்குக் குறைவில்லை. சென்னை ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் புது உதிரிபாகங்கள் கிடைக்கின்றன. புதுப்பேட்டையில் பழையவை கிடைக்கின்றன. ஊருக்கு ஊர் லேத் பட்டறை இருக்கிறது. எஞ்சினைப் பிரித்துப் பூட்டுவதைப் படிப்படியாகக் காட்டும் காணொளிகளும் ஏராளம். குறைவாக இருப்பது ஒரு தெளிவு மட்டும்தான்: வண்டியை எந்த நிலைக்குக் கொண்டுவரப் போகிறோம் என்ற தெளிவு. பொதுவாக மூன்று வழிகள் கையாளப்படுகின்றன. முதலாவது, ஆணி வரை பிரித்து, எல்லாவற்றையும் சுரண்டி, புதுப் பெயிண்ட்டும் புதுக் குரோமியமும் ஏற்றி, ஷோரூமிலிருந்து நேற்று வந்ததுபோல் நிறுத்துவது. இரண்டாவது, பழைய வண்டியை அடித்தளமாக வைத்துக்கொண்டு தன் விருப்பப்படி உருமாற்றுவது. மூன்றாவது, வண்டி நம்பகமாகவும் பாதுகாப்பாகவும் ஓடுவதற்கு வேண்டியதை மட்டும் செய்து, மிச்சமிருக்கும் அசல் பொருளை அப்படியே காப்பது. வீட்டில் வேலை செய்பவருக்கு இந்த மூன்றாவது வழியே சரியானது என்பதே இக்கட்டுரையின் முடிவு. ரசனை மட்டும் இதற்குக் காரணமல்ல. தொழில்நுட்பம், சட்டம், செலவு, வரலாறு ஆகிய நான்கும் ஒரே திசையைத்தான் காட்டுகின்றன.

புல்லட்டை எடுத்துக்காட்டாகக் கொள்வதற்குக் காரணம் உண்டு. இங்கிலாந்தின் ரெட்டிச் நகரில் பிறந்த ராயல் என்ஃபீல்டு நிறுவனம், மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனத்துடன் சேர்ந்து 1955-இல் என்ஃபீல்டு இந்தியா நிறுவனத்தைத் தொடங்கியது. திருவொற்றியூர் தொழிற்சாலையில் முதலில் ரெட்டிச்சிலிருந்து வந்த புல்லட் பாகங்களைப் பூட்டினார்கள். 1960-களின் தொடக்கத்துக்குள் முழு வண்டியும் இங்கேயே தயாரானது. தாய் நிறுவனம் இங்கிலாந்தில் 1970-இல் முடிவுக்கு வந்தது. ஆனால் திருவொற்றியூர் வண்டி நிற்கவில்லை. 1977 முதல் அது இங்கிலாந்துக்கே ஏற்றுமதியானது. 1994-இல் நிறுவனம் ஐஷர் குழுமத்தின் கைக்கு வந்தது. 70 மில்லிமீட்டர் விட்டமும் 90 மில்லிமீட்டர் ஓட்டமும் கொண்ட 346 சிசி எஞ்சின், இரும்பு சிலிண்டர், தனியாகப் பூட்டிய நான்கு கியர் பெட்டி, வலக்காலில் கியர், இடக்காலில் பிரேக் என்ற அடிப்படை அமைப்பு ஐம்பது ஆண்டுகளுக்கும் மேலாகப் பெரிதாக மாறவில்லை. மெக்கானிக்குகள் ‘சிஐ எஞ்சின்’ என்று சொல்லும் அந்த இரும்பு பேரல் எஞ்சின் 2010-ஐ ஒட்டித்தான் விடைபெற்றது. இவ்வளவு நீண்ட உற்பத்திக் காலம் மீட்பவருக்கு ஒரு பெரிய வசதி. கூடவே ஒரு பெரிய ஆபத்து. 1960-களின் வண்டியில் 1990-களின் டேங்க் உட்காரும். 1970-களின் ஃபிரேமில் 2000-களின் ஃபோர்க் உட்காரும். எது எதிலும் பொருந்தும் என்பதால், எந்த ஆண்டின் வண்டி என்று யாராலும் சொல்ல முடியாத கலவையாக ஒரு புல்லட்டை மாற்றிவிடுவது மிக எளிது.

அசல் பொருளில் அப்படி என்ன இருக்கிறது என்று கேட்பது நியாயமான கேள்வி. புல்லட்டின் டேங்க்கில் ஓடும் பொன்னிறக் கோடுகள் தொழிற்சாலையில் தூரிகையால், கையால் இழுக்கப்பட்டவை. அந்தக் கோட்டின் தொடக்கத் தடிப்பும் முடிவின் மெலிவும் ஒரு தொழிலாளியின் மணிக்கட்டு விட்டுச்சென்ற தடயம். ஸ்டிக்கரும் ஸ்ப்ரேயும் அதற்கு ஈடாகாது. ராணுவ ஏலத்தில் வந்த வண்டியில் கறுப்புப் பெயிண்ட்டுக்கு அடியில் ராணுவப் பச்சை இருக்கும். அந்த அடுக்குதான் அந்த வண்டி யாருக்காக ஓடியது என்பதற்கு மிஞ்சிய சான்று. ஃபிரேமிலும் கிராங்க் கேஸிலும் குத்தப்பட்ட எண்கள், வார்ப்பில் எழும்பி நிற்கும் குறிகள், போல்ட்டுகளின் மரை வகை ஆகியவற்றைப் பார்த்துத்தான் அறிந்தவர்கள் வண்டியின் வயதைச் சொல்கிறார்கள். இந்தப் பார்வை உலக அளவில் ஏற்கப்பட்ட ஒன்று. 1966-இல் தொடங்கப்பட்ட பழைமை வாகனங்களுக்கான பன்னாட்டுக் கூட்டமைப்பான ஃபிவா, நினைவுச்சின்னப் பாதுகாப்புக்கான 1964-ஆம் ஆண்டின் வெனிஸ் சாசனத்தை முன்மாதிரியாகக் கொண்டு, டுரின் சாசனம் என்ற ஆவணத்தை வகுத்தது. அதன் சாரம் இது: உள்ளதைக் காப்பதற்கே முதலிடம், பாதுகாப்புக்காக மாற்றம் தேவைப்பட்டால் அது சிறியதாகவும் பின்னாளில் திரும்ப எடுக்கக்கூடியதாகவும் இருக்கட்டும், கழற்றிய முக்கியமான அசல் பாகங்கள் வண்டியோடு இருக்கட்டும், செய்த வேலை எழுத்தில் பதிவாகட்டும். இவை பெரிய அருங்காட்சியகங்களுக்கான விதிகள்போல் தோன்றலாம். பணச்செலவு ஏதுமில்லாமல் ஒரு வீட்டுத் திண்ணையிலும் கடைப்பிடிக்கக்கூடிய விதிகள் இவை.

தமிழ்நாட்டு வாசகருக்கு இது புதிய விவாதமும் அல்ல. கோயில் திருப்பணிகளில் சுவரைச் சுத்தம் செய்கிறோம் என்று மணலைப் பீய்ச்சியடித்தபோது சிற்பங்களின் நுண்மையும் கல்வெட்டுகளின் எழுத்தும் மழுங்கின. வரலாற்றாய்வாளர்கள் அதைக் கடுமையாக எதிர்த்தார்கள். சுத்தமான சுவர் கிடைத்தது, சுவர் சொன்ன செய்தி போனது. அதே மணல்வீச்சு இன்று மோட்டார் சைக்கிள் பட்டறைகளில் சாதாரண நடைமுறை. ஃபிரேமின் கழுத்தில் குத்திய எண் மேலோட்டமானதாக இருந்தால் மணல் அதைத் தேய்த்துவிடும். அதன்மேல் ஏற்றும் தடித்த பவுடர் கோட்டிங் மிச்சத்தை மூடிவிடும். எஞ்சினுக்கு விளையும் கேடு இன்னும் மோசம். அலுமினியக் கிராங்க் கேஸின் நுண்துளைகளிலும் ஆயில் வழிகளிலும் தங்கிவிடும் மணல் துகள் எவ்வளவு கழுவினாலும் முழுதாக வெளியேறாது. எஞ்சின் சூடாகி ஆயில் ஓடத் தொடங்கியதும் அது பேரிங்கையும் சிலிண்டர் சுவரையும் அரைக்கும். பளபளப்புக்காகச் செய்த வேலையே எஞ்சினைத் தின்னும். மண்ணெண்ணெயும் பிரஷும் மரக்குச்சியும் பொறுமையும் இதே அழுக்கைக் கேடின்றி எடுத்துவிடும். தடயத்தைக் காக்கும் முறையும் எஞ்சினைக் காக்கும் முறையும் ஒன்றாகவே இருப்பதை இங்கே கவனிக்க வேண்டும்.

வீட்டில் வேலை செய்பவருக்குப் பட்டறையைவிட ஒரே ஒரு சாதகம்தான் உண்டு: நேரம். கருவியிலும் அனுபவத்திலும் பட்டறையே முன்னே நிற்கும். ஆனால் அங்கே அடுத்த வண்டி காத்திருக்கிறது. வீட்டில் காத்திருப்பது எதுவுமில்லை. பல ஆண்டுகள் நின்ற இரும்பு சிலிண்டரில் பிஸ்டன் ரிங் துருவால் ஒட்டிக்கொண்டிருப்பது வழக்கம். அவசரப்படுபவர் கிக்கரின் மேல் ஏறி மிதிக்கிறார். கிக்கர் பல் உடைகிறது அல்லது ரிங் முறிந்து சிலிண்டரைக் கீறுகிறது. பொறுமையுள்ளவர் பிளக்கைக் கழற்றி, டீசலும் எஞ்சின் ஆயிலும் கலந்து ஊற்றி, நாள்கணக்கில் ஊறவிட்டு, பின்சக்கரத்தை டாப் கியரில் மெல்ல முன்னும் பின்னும் அசைத்து விடுவிக்கிறார். போல்ட்டுகளிலும் இதே பாடம்தான். பழைய புல்லட்டில் பிரிட்டிஷ் அளவு மரைகள் மிகுதி. மில்லிமீட்டர் ஸ்பேனர் கிட்டத்தட்டப் பொருந்துவதுபோல் இருக்கும். அந்தச் சிறு இடைவெளிதான் நட்டின் முனைகளை உருட்டிவிடும். சரியான ஸ்பேனரைத் தேடும் வரை கைவைக்காமல் இருப்பது வீட்டில் முடியும். ஒவ்வொரு பாகத்தையும் கழற்றும் முன் நான்கு பக்கமும் படமெடுத்து, கழற்றிய நட்டு, போல்ட், வாஷரைத் தனித்தனிப் பைகளில் இட்டுப் பெயரெழுதி வைப்பதும் அப்படித்தான். இந்தப் பதிவு இல்லாமல் பிரித்துப்போட்ட வண்டி மூட்டைகளாக மாறி, கடைசியில் எடைக்குப் போகிறது. புறக்கணிப்பால் அழிந்த வண்டிகளோடு, ஆர்வத்தில் பிரித்துப் பூட்ட முடியாமல் அழிந்தவற்றையும் சேர்த்தே எண்ண வேண்டும்.

நேரமும் கவனமும் மட்டும் கேட்கும் வேலைகள் வண்டியில் நிறையவே உள்ளன. புல்லட்டின் ஆயில் டேங்க் எஞ்சினின் வார்ப்புக்குள்ளேயே கிராங்க்குக்குப் பின்னால் இருக்கிறது. எண்ணெயை அனுப்ப ஒரு பிளஞ்சர் பம்ப், திருப்பி எடுக்க இன்னொன்று. நீண்ட காலம் நின்றால் எண்ணெய் கிராங்க் அறைக்குள் இறங்கித் தேங்கும். அடியில் கசடு தார்போல் இறுகும். எனவே எஞ்சினில் முதல் வேலை, பழைய எண்ணெயை எல்லா வடிகால்களிலிருந்தும் இறக்கி, ஃபில்டர் அறையைச் சுரண்டிக் கழுவுவது. புது எண்ணெய் ஊற்றியபின் பிளக்கைக் கழற்றிவிட்டுக் கிக்கரைத் தொடர்ந்து அடித்து, ஹெட்டுக்குப் போகும் குழாயின் இணைப்பைச் சற்றுத் தளர்த்தி, எண்ணெய் அங்கே எட்டுவதைக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை ஸ்டார்ட் செய்ய வேண்டும். பாயிண்ட்டைத் துடைத்து 0.35 முதல் 0.40 மில்லிமீட்டர் இடைவெளி வைப்பது, கார்புரேட்டரின் ஜெட்டுகளைக் கம்பி விடாமல் கரைப்பானில் ஊறவைத்துக் காற்றடித்துத் திறப்பது, எஞ்சின் குளிர்ந்திருக்கும்போது புஷ்ராடுகள் மேலும் கீழும் ஆட்டமின்றி, ஆனால் விரலால் சுழலும்படி டேப்பெட்டைத் திருத்துவது ஆகிய எல்லாமே வீட்டு வேலைகள். பெட்ரோல் டேங்க்கின் உட்துருவை, வெளிப் பெயிண்ட்டைத் தொடாமலே எடுக்க முடியும். சலவைச் சோடா கரைத்த நீரை நிரப்பி, டேங்க்கில் படாதபடி ஒரு சாதாரண இரும்புக் கம்பியைத் தொங்கவிட்டு, பேட்டரி சார்ஜரின் பாசிட்டிவ் முனையைக் கம்பிக்கும் நெகட்டிவ் முனையை டேங்க்குக்கும் கொடுத்தால் துரு இளகி விழும். நச்சுக் குரோமியம் வெளிவரும் என்பதால் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியை இதில் பயன்படுத்தக்கூடாது. ஹைட்ரஜன் வாயு எழும் என்பதால் திறந்தவெளியில், தீப்பொறி எட்டாத இடத்தில் செய்ய வேண்டும்.

வீட்டில் செய்யக்கூடாத வேலைகளின் எல்லையும் அதே அளவு தெளிவாக இருக்க வேண்டும். சிலிண்டரைப் போர் செய்வது, கிராங்க்கைப் பிரித்து கனெக்டிங் ராடு மாற்றி மீண்டும் நேர்கோட்டில் சேர்ப்பது, வால்வு சீட் மாற்றுவது, டேங்க்கில் பற்றவைப்பது, ரிம்முக்கு ஸ்போக்ஸ் பூட்டி அச்சு எடுப்பது ஆகியவை கருவியும் பழகிய கையும் கேட்கும் வேலைகள். பெட்ரோல் வற்றிய டேங்க்கில் தங்கியிருக்கும் ஆவிகூட வெடிக்கும் என்பது ஒன்றே பற்றவைப்பை வீட்டிலிருந்து விலக்கிவைக்கப் போதும். ஆனால் பட்டறைக்கு எதை அனுப்புவது என்ற முடிவு வண்டிக்காரரிடமே இருக்க வேண்டும். சிலிண்டரை ஒவ்வொரு முறை போர் செய்யும்போதும் திரும்ப வராத உலோகம் போகிறது. அடுத்த ஓவர்சைஸ் பிஸ்டன் வேண்டும். ஓவர்சைஸ் தீர்ந்தால் ஸ்லீவ் அடிக்க வேண்டும். ஆகவே பிரித்த கையோடு போருக்கு அனுப்பாமல், தேய்மானத்தை அளந்து, புது ரிங் மட்டும் போதுமா என்று பார்ப்பதே முறை. பழைய அசல் பாகத்தைத் தூக்கியெறிந்துவிட்டுப் புதியதை வாங்குவது எப்போதும் முன்னேற்றம் என்று சொல்லவும் முடியாது. சந்தையில் கிடைக்கும் மாற்றுப் பாகங்களின் உலோகத் தரம் ஒரே சீராக இல்லை. நாற்பது ஆண்டு உழைத்து இன்னும் அளவுக்குள் இருக்கும் கியர், நேற்று வாங்கிய பெயரில்லாத கியரைவிட நம்பத்தகுந்தது.

இவ்வளவு சொல்லும்போது ஒரு விதிவிலக்கைத் தயக்கமின்றி வைக்க வேண்டும். உயிர் தொங்கும் இடத்தில் பழைமைக்கு மதிப்பில்லை. டயர், டியூப், பிரேக் ஷூ, கேபிள்கள், வயரிங், பெட்ரோல் குழாய் ஆகியவை எவ்வளவு அசலாக இருந்தாலும் மாற்றப்பட வேண்டும். ரப்பர் வெளியே நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே இறுகி வெடிப்பு விட்டிருக்கும். துணி சுற்றிய பழைய வயர் உரசி நெருப்பு பற்றும். பழைய பிரேக் லைனிங்கில் கல்நார் இருக்கக்கூடும். டிரம்முக்குள் இருக்கும் தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைத்து எடுத்து மூடிய பையில் போட வேண்டும். எரிபொருளும் மாறிவிட்டது. 20 விழுக்காடு எத்தனால் கலந்த பெட்ரோல் 2023 முதல் படிப்படியாக நாடெங்கும் வந்துள்ளது. எத்தனால் ஈரத்தை இழுக்கும். அந்தக் காலத்து ரப்பரையும் சீல்களையும் இளக்கும். நின்ற வண்டியின் டேங்க்கில் துருவை வளர்க்கும். எத்தனாலைத் தாங்கும் குழாயும் சீல்களும் போடுவதும், நீண்ட நாள் நிறுத்தும்போது டேங்க்கையும் கார்புரேட்டரையும் வடித்துவிடுவதும் இன்று அவசியம். இந்த மாற்றங்கள் எதுவும் வண்டியின் உருவத்தைக் கெடுப்பதில்லை. எல்லாமே திரும்ப எடுக்கக்கூடியவை.

சட்டம் இந்த வாதத்துக்குப் புறம்பாக நிற்கவில்லை. மோட்டார் வாகனச் சட்டம், 1988-இன்படி தனியார் வாகனத்தின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். பிறகு ஐந்தைந்து ஆண்டுகளாகப் புதுப்பிக்க வேண்டும். அதே சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றான ஆர்.சி.யில் உள்ள விவரம் தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரத்திலிருந்து மாறும்படி வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2021 ஜூலையில் மத்திய அரசு வெளியிட்ட விதிகள், முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்த இரு சக்கர, நான்கு சக்கர வாகனங்களை ‘விண்டேஜ்’ எனத் தனி வகையாக ஏற்றன. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய் கட்டணம். பதிவு பத்து ஆண்டுகளுக்குச் செல்லும். எண்ணில் ‘விஏ’ என்ற எழுத்துகள் இடம்பெறும். ஆனால் அந்தத் தகுதிக்கு ஒரு நிபந்தனை உண்டு. வண்டி அதன் அசல் உருவில் இருக்க வேண்டும். சேஸி, உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றில் மாற்றம் செய்யப்பட்டிருக்கக் கூடாது. 1970-களின் தொடக்கத்து புல்லட்டுகள் இப்போது இந்த வரம்பைத் தொட்டுவிட்டன. இன்று ஃபிரேமை வெட்டி நீட்டுபவர், தன் வண்டிக்கு நாளை கிடைக்கக்கூடிய தகுதியையே வெட்டிவிடுகிறார். எண் தேய்ந்த கிராங்க் கேஸும் அதே விளைவைத் தரும். ஆகவே முதல் ஸ்பேனரை எடுப்பதற்கு முன் ஆர்.சி.யில் உள்ள எண்களும் வண்டியில் உள்ள எண்களும் ஒத்துப்போகின்றனவா என்று பார்ப்பதே முதல் வேலை. பொருந்தவில்லை என்றால் அதைத் தீர்க்காமல் பணம் போடுவது வீண்.

இந்த நிலைப்பாட்டுக்கு எதிராகச் சொல்லப்படுபவற்றை நேராகச் சந்திக்க வேண்டும். முதல் மறுப்பு, துருவை அப்படியே விட்டால் அது வண்டியைத் தின்றுவிடாதா என்பது. தின்னும்; வளரும் துருவை யாரும் விட்டுவைக்கச் சொல்லவில்லை. செதிலாக உரியும் துருவை எடுத்து, துருமாற்றியும் எண்ணெய் அல்லது மெழுகும் பூசி, காற்றும் ஈரமும் படாமல் செய்தால் அது அங்கேயே நிற்கும். ஃபிரேமின் சுமைதாங்கும் குழாயில் துரு துளைத்திருந்தால் வெட்டிப் பற்றவைப்பதைத் தவிர வழியில்லை. பெயிண்ட்டே மிச்சமில்லாத மட்கார்டுக்குப் பெயிண்ட் அடிப்பதில் இழப்பு எதுவுமில்லை. ஒட்டுமொத்தமாகச் சுரண்டாமல், பாகம் பாகமாகப் பார்த்து முடிவெடுப்பதுதான் இங்கே கோரப்படுவது.

இரண்டாவது மறுப்பு செலவு பற்றியது: இவ்வளவு பாடுபடுவதற்குப் புது வண்டியே வாங்கிவிடலாம் என்பார்கள். முழுப் புதுப்பிப்பு வழியில் அது உண்மைதான். குரோமியம், பெயிண்ட், சீட், புதுத் தகடுகள் ஆகிய தோற்றச் செலவுகள் சேர்ந்தால் வண்டியின் விலையைத் தாண்டிவிடுவது சாதாரணம். காக்கும் வழியில் அந்தச் செலவுகளே பெரும்பாலும் இல்லை. பணம் டயருக்கும் பிரேக்குக்கும் பேரிங்குக்கும் போகிறது. சிக்கனத்தை நாடுபவரும் இதே வழிக்குத்தான் வந்து சேர்வார்.

மூன்றாவது மறுப்பு சூழல் பற்றியது, மூன்றிலும் கனமானது. பழைய எஞ்சினின் புகை இன்றைய தரத்துக்குள் அடங்குவதில்லை என்பது மறுக்க முடியாத உண்மை. அதனால்தான் இந்த வண்டிகளை அன்றாடப் போக்குவரத்துக்கு எடுக்கக் கூடாது. விண்டேஜ் விதிகளும் கண்காட்சி, பேரணி, ஆய்வு, எரிபொருள் நிரப்பல், பராமரிப்பு ஆகியவற்றுக்கு மட்டுமே சாலையைத் திறந்துவிடுகின்றன. ஆண்டுக்குச் சில நாள் ஓடும் ஒரு வண்டியின் புகையைக் கணக்கிடும்போது, குரோமியப் பூச்சின் நச்சுக் கழிவையும், புதுப்பாகங்களை வார்க்கும் ஆற்றலையும், எறியப்படும் பழைய உலோகத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும். குறைவாக மாற்றி, சரியாக ட்யூன் செய்து, குறைவாக ஓட்டுவதே சூழலுக்கும் உகந்தது.

நான்காவது மறுப்பைப் பலர் வாய்விட்டுச் சொல்வதில்லை, ஆனால் மனத்தில் வைத்திருக்கிறார்கள்: புல்லட் அரிய வண்டியா என்ன, தெருவுக்குத் தெரு இருக்கிறதே? இதற்கு மைசூரு சாட்சி. அங்கே 1961 முதல் ஜாவாவும் பிறகு எஸ்டியும் உருவாகி வந்தன. 1996-இல் தொழிற்சாலை மூடப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த நாளில் அவற்றை அரியவை என்று யாரும் நினைக்கவில்லை. 1985 முதல் 1996 வரை வந்த யமஹா ஆர்எக்ஸ் 100-க்கும் அதே கதை. சைலன்சரை வெட்டி, பெயிண்ட்டை மாற்றி ஓட்டிய அந்த வண்டிகளில், தொழிற்சாலையை விட்டு வந்த நிலையில் ஒன்றைக் காண்பது இன்று கடினம். எங்கும் இருக்கும் பொருள்தான் யாரும் காக்காத பொருள். காவல் நிலையத்திலும் ராணுவ முகாமிலும் ஊர்ப்பெரியவர் வீட்டுத் திண்ணையோரத்திலும் நின்ற சாதாரண புல்லட், இந்நாட்டின் தொழில் வரலாற்றில் திருவொற்றியூர்த் தொழிலாளர்கள் எழுதிய பக்கம். அந்தப் பக்கத்தைக் காக்க அருங்காட்சியகங்கள் போதாது. வண்டி வைத்திருக்கும் வீடுகள்தான் காக்க வேண்டும்.

ஆகவே பழைய புல்லட் ஒன்று கைவசம் உள்ளவர்கள் ஒரு வரிசையைக் கடைப்பிடிக்க வேண்டுகிறேன். முதலில் ஆவணமும் எண்களும். அடுத்து படங்களும் குறிப்பும். பிறகு பிரேக், டயர், வயரிங். அதன்பின் எண்ணெய், பாயிண்ட், கார்புரேட்டர். எஞ்சினைப் பிரிப்பது அளந்து பார்த்துத் தேவை உறுதியானால் மட்டும். பெயிண்ட் எல்லாவற்றுக்கும் கடைசியில், அதுவும் வேறு வழியே இல்லாத இடத்தில். கழற்றிய ஒவ்வொரு அசல் பாகத்தையும் பெயரெழுதி ஒரு பெட்டியில் வையுங்கள். என்ன மாற்றினீர்கள், எந்த அளவு வைத்தீர்கள், எங்கே போர் செய்தீர்கள் என்பதை ஒரு நோட்டில் தமிழில் எழுதுங்கள். வண்டி கைமாறும்போது அந்தப் பெட்டியையும் நோட்டையும் சேர்த்துக் கொடுங்கள். பெயிண்ட்டை எப்போது வேண்டுமானாலும் அடிக்கலாம். சுரண்டி எடுத்த அசலை யாராலும் திரும்பக் கொண்டுவர முடியாது.